உள்சுவருக்குத் தெரியும்

போன வாரம் ஊருக்குப் போனப்போ, அப்பா பிபி மாத்திரையை நிறுத்திட்டார்னு தெரிஞ்சுது. "எனக்கு ஒண்ணும் பண்ணலையேடா" என்கிறார். அவருக்குத் தெரியலை. ஆனா மூளை ரத்தக் குழாயோட உள்சுவர் செல்களுக்குத் தெரியும். அது எப்படின்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

எண்டோதீலியல் செல்கள்னு பேர். ஒரே ஒரு அடுக்குதான். ரத்தம் உரசிட்டு ஓடும் விசையில் செல் சவ்வு இழுபடும். உடனே பியசோ1 என்ற புரதம் கதவு மாதிரி திறக்கும், கால்சியம் உள்ளே பாயும். ஆர்டெம் படபூட்டியனோட குழு 2010-ல் கண்டுபிடிச்சது இது. தொடு உணர்வு பற்றிய இந்த ஆய்வுகளுக்காக 2021-ல் அவருக்கு நோபல் பரிசு, டேவிட் ஜூலியஸோடு சேர்த்து.

ஓட்டம் சீரா இருந்தா, செல்கள் அதே திசையில் நீளமா படுத்துக்கும். நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாயைத் தளர்த்தும். குழாய் கிளை பிரியற இடத்தில் கதையே வேற. அங்கே ரத்தம் மோதும், சுழலும். செல்கள் வரிசை கலைஞ்சு, அழற்சியைத் தூண்டும். மூளையின் அடியில் இருக்கும் வில்லிஸ் வளையத்தில், அனியூரிசம் என்ற பலூன் வீக்கம் பெரும்பாலும் இந்தக் கிளைகளில்தான் வருது. பிபி கூடினா அங்கே அடியும் கூடும். வெடிக்கிற வரைக்கும் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

எங்க வேலையிலும் இதேதான். யூசர் புகார் சொல்றதுக்கு முன்னாடியே லாக்ல எரர் விழுந்துட்டு இருக்கும். அப்பாகிட்ட அதைச் சொன்னேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கறாராம்.