ரோசம்மா புன்னூசும் தேவிகுளத்துத் தமிழரும்

தேர்தல் வந்துவிட்டால் மூணாறு மலையில் தமிழுக்குத் தனி மவுசு வந்துவிடும். எந்தக் கட்சியின் ஜீப் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் ஒலிபெருக்கி தமிழில்தான் பேசும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகு அந்தத் தமிழை யார் கேட்கிறார்கள் என்பது பழைய கேள்வி. கேரளத்தின் முதல் சட்டசபைக்குத் தேவிகுளம் ஒரு பெண்ணை அனுப்பிய காலத்திலேயே அந்தக் கேள்வி பிறந்துவிட்டது.

அந்தப் பெண்மணி ரோசம்மா புன்னூஸ். 1913-ம் ஆண்டு மே 12-ந் தேதி காஞ்சிரப்பள்ளியில் பிறந்தவர். சட்டம் படித்தவர். திருவிதாங்கூரில் பொறுப்பாட்சி கேட்டு நடந்த போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 1938-ல் திருவனந்தபுரத்தில் மாபெரும் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கிய அக்கம்மா செரியான் இவருடைய சகோதரி. 1946-ல் கம்யூனிஸ்டுத் தலைவர் பி.டி. புன்னூசை மணந்தார். 1948-ல் தாமும் அக்கட்சியில் சேர்ந்தார்.

முதல் பிரமாணம்

1956 நவம்பர் 1-ந் தேதி கேரள மாநிலம் உதயமாயிற்று. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழகத்துடன் சேரவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழர்கள் கிளர்ச்சி செய்திருந்தனர். தெற்கே கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்துக்குக் கிடைத்தது. இந்த மலைத் தாலுகாக்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டன. அந்த மனக்குறை ஆறாத நிலையில் 1957-ல் பொதுத்தேர்தல் வந்தது.

தேவிகுளத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியின் சார்பில் நின்ற ரோசம்மா வெற்றி பெற்றார். 1957 ஏப்ரல் 10-ந் தேதி தற்காலிக சபாநாயகராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். கேரள சட்டசபையில் முதன்முதலாகப் பிரமாணம் எடுத்த உறுப்பினர் என்ற பெருமை அதனால் அவருக்கு வாய்த்தது. அந்தப் பெருமையில் தேயிலை கிள்ளும் தமிழருடைய ஓட்டுக்கும் பங்கு உண்டு.

பாட்டுக்கு விழுந்த ஓட்டு

வெற்றி நிலைக்கவில்லை. பி.கே. நாயரின் வேட்புமனு தள்ளுபடி செய்யப்பட்டது முறையல்ல என்று வழக்கு எழுந்து, தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1958 மே மாதம் இடைத்தேர்தல் நடந்தது. கேரளம் கண்ட முதல் இடைத்தேர்தல் அது.

126 இடங்கள் கொண்ட சபையில் கம்யூனிஸ்டுகள் 60 பேர். ஆதரவு தந்த சுயேச்சைகள் 5 பேர். ஆக, இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் மந்திரிசபை மிகச் சொற்பமான பெரும்பான்மையில் நின்றது. ஓர் இடம் போனாலும் ஆபத்து. நாடு முழுவதும் தேவிகுளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மலையாளத்தில் எவ்வளவு பேசினாலும் லயங்களில் இருந்தவர்களின் நெஞ்சைத் தொடுவது கடினம். அவர்கள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்கள். ஆகவே மலைக்குக் கீழே பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்தார். பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற இளையராஜாவின் அண்ணன் இவர். கூலியையும் குறைகளையும் நாட்டுப்புற மெட்டுகளில் வைத்துத் தோட்டம் தோட்டமாகப் பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்று இன்றும் சொல்லப்படுகிறது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1960-ல், அமெரிக்காவில் ஜான் கென்னடிக்காக அவர் மனைவி ஜாக்குலின் டெலிவிஷனில் ஸ்பானிய மொழியில் பேசி ஓட்டுக் கேட்டார். சிறுபான்மையினரிடம் அவர்கள் மொழியிலேயே பேசவேண்டும் என்ற வித்தையை நம் மலைப்பகுதி அதற்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டது.

பேசியது யார்?

ஆனால் 1958 அக்டோபரிலேயே மூணாறு தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் இருவர் மாண்டனர். அப்போது ஆட்சியில் இருந்தது, அவர்கள் சில மாதங்களுக்கு முன் தாங்கிப் பிடித்த அதே மந்திரிசபை. அந்த மந்திரிசபையும் 1959 ஜூலை 31-ந் தேதி மத்திய அரசால் கலைக்கப்பட்டது.

ரோசம்மாவின் பொதுவாழ்வு நீண்டது. 1987-ல் ஆலப்புழையிலிருந்து மீண்டும் சட்டசபைக்குச் சென்றார். நூறு வயது நிறைந்து, 2013 டிசம்பர் 28-ந் தேதி ஓமன் நாட்டில் காலமானார். அவருக்குப் பின் 2021 வரை நடந்த எந்தச் சட்டசபைத் தேர்தலிலும் தேவிகுளம் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. கூடை சுமந்து கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும் இதுதான் நிலை.

2015 செப்டம்பரில் அந்தப் பெண்களே தெருவுக்கு வந்தனர். போனசைக் குறைத்ததை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, மூணாறில் ஒன்பது நாட்கள் உட்கார்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் சூட்டிக்கொண்டனர். மலையாள டெலிவிஷன்களின் காமிராக்களுக்கு முன் தமிழிலேயே பேசினர்; கேரளம் முழுவதும் கேட்டது. இருபது சதவீதத் தொகை கிடைத்தது. 232 ரூபாய் தினக்கூலி, அவர்கள் கேட்ட 500-ஐ எட்டாவிட்டாலும், 301 ரூபாயாக உயர்ந்தது. அவர்களில் சிலர் அவ்வாண்டு உள்ளாட்சித் தேர்தலிலும் வென்றனர். பின்னர் அமைப்பில் பிளவு ஏற்பட்டு வேகம் தணிந்தது.

1958-ல் இந்தப் பெண்களின் குறையை ஒரு பாவலர் பாடினார். வேறு ஊரில் பிறந்த ஒரு பெண்மணி சபைக்குப் போனார். 2015-ல் அவர்களே பேசினர், கூலி உயர்ந்தது. இரண்டுக்கும் நடுவே 57 ஆண்டுகள்.

தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதிகளில் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழருக்கும் தேவிகுளத்தாருக்கும் அது பொது. ஓட்டுக் கேட்டு வருபவர் தமிழில் பேசினால் நாம் மகிழ்கிறோம். நாம் தமிழில் எழுதும் மனுவுக்கு அவர் தமிழில் பதில் வாங்கித் தருவாரா என்பதையும் அப்போதே கேட்டுவைப்பது நல்லது.