பள்ளிக்கூட பெஞ்சில் பஞ்சாயத்து

பணம் வந்தால் போதுமா, செலவழிக்கத் தெரிய வேண்டாமா? இந்தக் கேள்விக்காகக் கேரளம் 1996இல் மாநிலத்தையே வகுப்பறையாக்கியது.

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் அமலுக்கு வந்தபோது பஞ்சாயத்துகளுக்கு அந்தஸ்து கிடைத்தது. காசுதான் கிடைக்கவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் கஜானா சாவியை விட்டுத்தர அமைச்சர்களுக்கு மனமில்லை. கேரளத்தில் மட்டும் விஷயம் தலைகீழ். 1996 ஆகஸ்ட் 17, மலையாள ஆண்டின் முதல் நாளான சிங்கம் ஒன்றாம் தேதி, 'மக்கள் திட்டம்' தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்தார்கள். வழிகாட்டும் குழுவுக்குத் தலைவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்.

பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற இந்த வரிசை துணிச்சலானது, ஆபத்தானதும்கூட. அப்போதிருந்த 990 கிராமப் பஞ்சாயத்துகளும் ஒரே நேரத்தில் திட்டம் தீட்ட வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒருவர் பெண், பலருக்குப் பொது வாழ்க்கையே புதிது.

ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? எழுத்தறிவு இயக்கத்திலிருந்து. 1990இல் எர்ணாகுளத்தை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தொண்டர்கள் இம்முறை பட்ஜெட்டைக் கையிலெடுத்தார்கள். மாநில அளவில் தேறிய சில நூறு பேர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோருக்கும், அவர்கள் கிராமங்களில் லட்சம் பேருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். திருச்சூர் அருகே முளங்குன்னத்துக்காவில் 1990இல் அமைந்த 'கிலா' என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனம் இன்றைக்கும் அந்த வேலையைச் செய்கிறது.

பாடம் எளிதல்ல. கிராம சபையில் மைக்கைப் பிடித்தவரே பேசிக்கொண்டிருக்காமல் விவசாயம், குடிநீர், கல்வி என்று கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரிப்பது எப்படி? பிறகு ஊரின் வளர்ச்சி அறிக்கை, கருத்தரங்கு, செயற்குழு, திட்ட ஆவணம். முதல் சுற்றுச் சபைகளுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஆனால் பெண்கள் சுமார் நான்கில் ஒரு பங்குதான். திட்ட நிதியில் 10 சதவீதத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்க வேண்டும் என்ற விதி அடுத்து வந்தது. பொதுச் செலவையே 'பெண்கள் திட்டம்' என்று பெயர் மாற்றி எழுதிய பஞ்சாயத்துகளும் உண்டு என்பது விமர்சகர்கள் புகார். வகுப்பில் எதையும் கற்றுக்கொள்ளாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது.

பெரிய அதிர்ச்சி ஆவணங்கள் மேஜைக்கு வந்தபோது காத்திருந்தது. பல திட்டங்கள் வெறும் ஆசைப் பட்டியல்கள். மதிப்பீடு இல்லை, தொழில்நுட்ப விவரம் இல்லை. சரிபார்க்க ஆள் தேவை. ஓய்வு பெற்ற பொறியாளர்கள், வேளாண் அதிகாரிகள், மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் தொண்டர்களாகச் சேர்ந்து வரவு செலவைத் திருத்திக் கொடுத்தார்கள். பென்ஷன்காரர்களுக்கு இப்படியொரு பயன் இருப்பது அதுவரை எந்தத் திட்ட கமிஷனுக்கும் தோன்றவில்லை.

கான்ட்ராக்டரை ஒழிக்க வந்த 'பயனாளிகள் கமிட்டி' கதை வேறு. ரோட்டையோ கிணற்றையோ பயன்படுத்தும் ஊர்க்காரர்களே கட்ட வேண்டும். வருகைப் பதிவேடு, ரசீது, அளவுப் புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கணக்கு எழுதத் தெரியாத கமிட்டிகளின் முதுகுக்குப் பின்னால் பழைய கான்ட்ராக்டரே பினாமியாக வந்து உட்கார்ந்தார். மேஸ்திரிக்குக் கூலி கொடுப்பதைவிட அதற்கு வவுச்சர் போடுவதுதான் கடினமாக இருந்தது.

இது கட்சி வேலை என்று எதிர்க்கட்சிகள் சாடின. 2001இல் ஆட்சி மாறியதும் பெயரும் மாறியது. ஆனால் நிதிப் பகிர்வை யாரும் திரும்பப் பிடுங்கவில்லை. கிராம சபைக் கூட்டம்தான் மெலிந்தது.

கணக்குப் பாடம் மட்டும் எதிர்பாராத இடத்தில் பலித்தது. 1998 மே 17இல் மலப்புறத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்த குடும்பஸ்ரீயில் இன்று 40 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள். வாரந்தோறும் அயல்கூட்டம், சேமிப்பு, கடன், மினிட்ஸ் புத்தகம். பஞ்சாயத்து அளவில் அது பதிவு பெற்ற சங்கம். எனவே தணிக்கையும் உண்டு. அதற்காகக் குடும்பஸ்ரீ குடும்பங்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்துத் தனிக் குழுக்கள் அமைத்தார்கள். தங்கள் ரொக்கப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, விட்டுப்போன ரசீதைக் கேட்பவர் இன்னொரு ஊரின் அயல்கூட்டத்துக் குடும்பத்திலிருந்து வந்தவர்.