ஆற்றுப்படை மரபும் மதுரை உணவு நடையும்

முன்னுரை

பழைய நகரின் வீதிகளில் வழிகாட்டி ஒருவர் சிறு குழுவினரை அழைத்துச் சென்று, கடைதோறும் நிறுத்தி, உணவைச் சுவைக்கச் செய்து, அதன் வரலாற்றையும் எடுத்துரைப்பதை 'உணவு நடை' என்பர். சுற்றுலா சார்ந்த இவ்வழக்கம் மதுரையிலும் உள்ளது. இந்நடையில் உணவைப் போலவே வழிகாட்டியின் உரையும் பரிமாறப்படுகிறது. அவ்வுரையை வாய்மொழிப் பனுவலாகக் கொண்டு, ஆற்றுப்படை மரபோடும் மதுரைக்காஞ்சியோடும் ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழியும் உணவும்

பரிசில் பெற்றவர் பெறாதவரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரோடு இணைத்துக் கூறுகிறது. 500 அடிகளாலான பெரும்பாணாற்றுப்படையில் எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் முதலியோரின் குடியிருப்புகளில் கிடைக்கும் உணவுகள் வழியின் வரிசையிலேயே சொல்லப்படுகின்றன. கூறுவோரின் நேரடிப் பட்டறிவு, வழியின் வரிசைமுறை, உணவின்வழி மக்களை அறிமுகப்படுத்தல் ஆகிய மூன்று கூறுகளும் உணவு நடைக்கும் பொருந்துவன.

வேறுபாடு உணவு கிடைக்கும் முறையில் அமைகிறது. ஆற்றுப்படையில் உணவு விருந்தாக வழங்கப்படுவது. அங்கு வழிச்செல்வோர்க்கு வீட்டின் அடுக்களை திறந்திருக்கிறது. உணவு நடையிலோ உணவு விலைக்குரிய பொருள். ஆதலின், விற்பனைக்கு வந்த உணவையே அது பெரும்பாலும் காட்ட இயலும். திருமலை நாயக்கர் மகாலைச் சூழ்ந்த தெருக்களில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் சௌராஷ்டிர நெசவாளர் சமூகத்தின் வீட்டுச் சமையல், கடைக்கு வராத அளவில், நடையின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பெயரும் தொன்மையும்

மதுரையின் அடையாள உணவாக முன்னிறுத்தப்படுவது ஜிகர்தண்டா. பால், கடற்பாசி அல்லது பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பனிக்கூழ் ஆகியவை சேர்ந்த குளிர்பானம் இது. 'ஜிகர்' என்னும் பாரசீகச் சொல் ஈரலையும், அதன் வழியே நெஞ்சத்தையும் குறிக்கும். 'தண்டா' என்னும் இந்துஸ்தானிச் சொல் குளிர்ச்சியைக் குறிக்கும். பெயரின் மொழி மூலத்தைக் கொண்டே பானத்தின் தோற்றக் காலத்தை அறுதியிடல் பொருந்தாது. சொல் வந்த வழியும் பண்டம் வந்த வழியும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

'தொன்மை' என்னும் அடைமொழியும் ஆய்வுக்குரியது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவை. 16ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய தமிழகச் சமையலில் இவற்றுக்கு இடமில்லை. மைதாவாலான பரோட்டாவும், மிளகாய்க் காரம் மிகுந்த சால்னாவும் சங்ககால மதுரையின் நேரடித் தொடர்ச்சி ஆகா. இவை மதுரைக்கு உரியன அல்ல என்பது இதன் பொருளன்று. புதியனவற்றை ஏற்றுத் தனதாக்கிக்கொண்டதே இந்நகர உணவின் வரலாறு என்பது பொருள். நடக்கும் வீதிகளும் அத்தகையனவே. இன்றைய மாசி வீதிகளை உள்ளடக்கிய நகரமைப்பு நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது. வெளிவீதிகள் 19ஆம் நூற்றாண்டில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்ட பின் அமைந்தவை. அப்பணியை மேற்கொண்ட ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக நிற்பதே விளக்குத்தூண். ஜிகர்தண்டா பருகுவோர் கூடும் அவ்விடத்தில் இச்செய்தியும் சொல்லப்படுமாயின், உணவின் கலப்பும் நகரின் மாற்றமும் ஒருங்கே விளங்கும்.

பொழுதும் தேர்வும்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளில் நாளங்காடி, அல்லங்காடி இரண்டையும் காட்டுகிறது. அடையும் மோதகமும் விற்ற கூவியர் இரவில் தூங்கி வழிவதையும் அது பதிவுசெய்கிறது. உண்போரோடு உணவு செய்வோரின் களைப்பும் அங்கு இடம்பெறுகிறது. மாலையில் தொடங்கி இரவில் முடியும் உணவு நடையோ கறிதோசை, பரோட்டா, பருத்திப்பால் என நகரின் ஒரு பொழுதையே முன்னிறுத்துகிறது. வைகறையில் சுமை தூக்குவோர் அருந்தும் கூழும் நண்பகல் உணவும் விடுபடுகின்றன. ஒரு பொழுதின் உணவே 'மதுரை உணவு' என நிலைபெறும்போது, பிற பொழுதுகளில் உழைத்து உண்போர் நகரின் சித்திரத்திலிருந்து மறைகின்றனர்.

முடிவுரை

உணவு நடை ஆற்றுப்படையின் மறுபிறப்பு அன்று. எனினும், வழியும் உணவும் சொல்லும் இணைந்து ஓர் ஊரைக் கட்டமைக்கும் முறை இரண்டிற்கும் பொதுவானது. வழிகாட்டிகளின் உரைகளை ஒலிப்பதிவு செய்து, நிறுத்தங்களின் வரிசை, கூறப்படும் தோற்றக் கதைகள், விடுபடும் சமூகங்கள், விடுபடும் பொழுதுகள் என வகைப்படுத்தி ஆராய்தல் நாட்டார் வழக்காற்றியலுக்கும் இலக்கிய ஆய்வுக்கும் ஒருசேரப் பயன்தரும். மீண்டும் மீண்டும் சொல்லப்படும் கதை நாளடைவில் சான்றாகவே கொள்ளப்படும்; அதற்குமுன் அதனைக் கதையாகப் பதிவுசெய்தல் ஆய்வாளரின் கடமையாகும்.