நேற்று குற்றம்... இன்று உரிமை! சட்டத்தை மீறுவது எப்போது நியாயம்?

கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிட்டதற்காக ஒரு சமூகத்தினர் மீது வழக்குப் போட்டு, அந்த வழக்கு லண்டன் வரை போன கதை தெரியுமா?

1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். அன்றைய வழக்கப்படி அவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. கோயில் நிர்வாகம் ராமநாதபுரம் சமஸ்தானத்திடம் இருந்தது. சேதுபதி மன்னர் வழக்குத் தொடர்ந்தார். கீழ்க்கோர்ட், ஹைகோர்ட் என்று நடந்த வழக்கு, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1908-ல் வந்த இறுதித் தீர்ப்பும் நாடார்களுக்கு எதிராகவே இருந்தது. கோயிலைச் சுத்திகரிக்கும் செலவும் அவர்கள் தலையில் விழுந்தது!

நீதிபதிகள் சட்டத்தைத் தவறாகப் படிக்கவில்லை. 'பழக்கவழக்கமே சட்டம்' என்பதுதான் அன்றைய நிலை. கோளாறு அந்தச் சட்டத்திலேயே இருந்தது.

மதுரையில் திறந்த கதவு

1939, ஜூலை 8. மதுரை மீனாட்சியம்மன் கோயில். வழக்கறிஞரும் காங்கிரஸ் தலைவருமான அ.வைத்தியநாத ஐயர், ஒரு சிறு குழுவை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தக் குழுவில் பட்டியல் சமூகத்தினரும் ஒரு நாடாரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கக்கன், பிற்காலத்தில் தமிழகத்தின் உள்துறை அமைச்சரானவர்.

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. அர்ச்சகர்களில் ஒரு பகுதியினர் பூஜை செய்யவே மறுத்தார்கள். உள்ளே அழைத்துச் சென்றவர்கள், அனுமதித்த அதிகாரிகள் எல்லோருமே கோர்ட் படியேற வேண்டிய நிலை. அப்போது ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அது முழுச் சட்டமானது. எல்லோரையும் அனுமதிக்கக் கோயில்களுக்கு வழிசெய்ததோடு, ஏற்கெனவே அனுமதித்தவர்களுக்கும் அது பாதுகாப்பு கொடுத்தது. அதாவது மீறல் முதலில் நடந்தது. சட்டம் அதன் பின்னால் ஓடிவந்தது.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் வந்த சட்டம், தீண்டாமையைக் காட்டிக் கோயிலுக்குள் விட மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கமுதியில் நுழைந்தவர்கள் குற்றவாளிகள். அறுபது ஆண்டுகள் கூட ஆகவில்லை, தடுப்பவர் குற்றவாளி!

சுயமரியாதைத் திருமணத்தின் கதையும் இதைப் போன்றதுதான். சடங்கு இல்லாத அந்தத் திருமணங்கள் செல்லாது என்று 1953-ல் சென்னை ஹைகோர்ட் சொன்னது. ஆனாலும் மக்கள் மாலை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அண்ணா ஆட்சியில், 1967-ல் வந்த திருத்தம், அதற்கு முன் நடந்த திருமணங்களையும் சேர்த்து அங்கீகரித்தது.

அப்படியானால் சிக்னலையும் மீறலாமா?

'எனக்குச் சரியென்று படாத சட்டத்தை நானும் மீறலாமே' என்று யாராவது கேட்கக்கூடும். ஹெல்மெட் போடாமல் போகிறவரும், வரி கட்டாமல் தப்பிக்கிறவரும் அப்படித்தான் சொல்வார்கள். பூஜை செய்ய மறுத்த அர்ச்சகர்களும் தங்கள் மனசாட்சியைத்தானே காட்டினார்கள்? ஆகவே மனசாட்சி மட்டும் போதாது. நமக்கு நாமே நாலு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

* இந்தச் சட்டம் யாருடைய உரிமையையாவது பறிக்கிறதா, அல்லது எனக்குக் கொஞ்சம் அசௌகரியமாக மட்டும் இருக்கிறதா?
* மனு, வழக்கு, பிரசாரம் என்று மற்ற வழிகளை முயன்று பார்த்தாகிவிட்டதா?
* ஊரறிய மீறுகிறேனா, ஒளிந்து மீறுகிறேனா?
* பிறருக்குத் தீங்கு செய்யாமல், வரும் தண்டனையை நானே ஏற்கத் தயாரா?

வைத்தியநாத ஐயர் பட்டப்பகலில், பெயர் தெரிய, வழக்கு வரும் என்று தெரிந்தே உள்ளே போனார். அவருக்கென்று அதில் லாபம் எதுவும் இல்லை. அவர் எப்போது வேண்டுமானாலும் அந்தக் கோயிலுக்குப் போகலாம். ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சிக்னலைத் தாண்டுகிறவர் இந்த நாலு கேள்விகளில் ஒன்றைக்கூடத் தாண்ட மாட்டார்.

சட்டம் மாறினால் போதுமா?

போதாது. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் உள்ள ஒரு கோயிலுக்குள் பட்டியல் சமூக மக்கள் முதன்முறையாக நுழைந்தது 2023 ஜனவரியில்தான். அதுவும் போலீஸ் பாதுகாப்போடு! சட்டம் அவர்கள் பக்கம் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர் வரவில்லை.

அன்று உள்ளே போக சட்டத்தை மீற வேண்டியிருந்தது. இன்று உள்ளே விடாமல் தடுப்பவர்கள்தான் சட்டத்தை மீறுகிறார்கள். உங்கள் ஊரில் எந்தக் கதவாவது யாருக்காவது இன்னும் மூடியிருக்கிறதா? அதைத் திறக்க இப்போது சட்டத்தை மீறத் தேவையில்லை. நிறைவேற்றச் சொல்லிக் கேட்டாலே போதும்.