பெப்டைட் போடலாமா பாஸ்?

'தோள்பட்டை வலியா மச்சி? ஒரு பெப்டைட் ஊசி போடு, சரியாயிடும்!' - ஜிம்மில் யாராவது இப்படி அட்வைஸ் பண்ணினால், கொஞ்சம் பொறுங்க!

பெப்டைட் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலி. நம்ம உடம்பே தயாரிக்கிற சமாச்சாரம்தான். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினும் இந்தக் குடும்பம்தான்.

1922 ஜனவரியில், கனடாவின் டொரன்டோ நகரில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். பலன் சொற்பம், ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டிதான் வந்தது. காரணம், மருந்தில் கலந்திருந்த அசுத்தம். ஜேம்ஸ் காலிப் என்ற விஞ்ஞானி அதைச் சுத்திகரித்துக் கொடுத்தார். 12 நாள் கழித்துப் போட்ட ஊசியில் சர்க்கரை மளமளவென இறங்கியது. பையன் பிழைத்தான்!

இப்போ ஜிம் மேட்டருக்கு வருவோம். தசைநார் காயம் ஆறும், வயசு தள்ளிப்போகும் என்று நெட்டில் விற்கிற குப்பிகளில் ஹீரோ, பிபிசி-157. எலிகளுக்குக் காயம் ஆறியது நிஜம். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளை விரல்விட்டு எண்ணிடலாம். இது புது ரத்தக் குழாய்களை வளர்க்கிறதாம். உடம்பில் எங்காவது புற்றுக்கட்டி ஒளிஞ்சிருந்தா, அதுக்கும் தீனி போடுமோ என்பது டாக்டர்களின் பயம். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான 'வாடா', 2022-ல் இதைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் கோட்டா கண்மணிகளே, உஷார்!

பல குப்பிகளின் லேபிளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'ஆராய்ச்சிக்கு மட்டும்'. அப்போ எலி யாரு... நாமதானா?