தும்பறை மலையின் குளிரும் குட்டியீனும் ஓணானும்

குளிர்நாட்டு விலங்குகளைப் பற்றிப் பேசப் புகுவோர் வெண்கரடியிலேயே தொடங்குவது வழக்கம். அது தக்கதே. அதன் தோலின் கீழுள்ள தடித்த கொழுப்பும் அடர்ந்த மயிரும் உடல் வெப்பம் வெளியேறாது காக்கின்றன. பனிமானின் கால்களிலோ வேறொரு விந்தை உண்டு. கீழிறங்கும் நாடிகளும் மேலேறும் நாளங்களும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்வதால், இறங்கும் சூடான குருதி தன் வெப்பத்தை ஏறிவரும் குளிர்ந்த குருதிக்கு வழியிலேயே கொடுத்துவிடுகின்றது. இதனால் குளம்பு குளிர்ந்திருக்கும்போதும் உடலின் நடுப்பகுதி வெப்பம் குன்றாதிருக்கும்.

ஆயின் இவை தம்முள்ளேயே வெப்பத்தை உண்டாக்கவல்ல விலங்குகள். ஓணான், பல்லி, பாம்பு முதலிய ஊர்வனவற்றின் உடல்வெப்பம் பெரும்பாலும் சூழலைப் பொறுத்தது. அடுப்பில்லாத வீட்டில் சாளரங்களை அடைத்து ஆவதென்ன? இவை குளிர்நிலத்தில் எவ்வாறு இனம் பெருக்குகின்றன என்பதே ஈண்டு நாம் நோக்கற்பாலது. விடைக்குச் சான்று தேடி ஆட்டிக் பிரதேசம்வரை செல்லவேண்டியதில்லை.

தெல்தெனியவில் நின்று மலைப்பக்கம் நோக்குவார்க்கு, நக்கிள்ஸ் என வழங்கும் தும்பறை மலைத்தொடரின் முகடுகள் பல நாட்களில் முகிலுள் மறைந்தே தோன்றும். (பழைய தெல்தெனிய நகரத்தை விற்றோரியா நீர்த்தேக்கம் கொண்டுவிட்டது, மலைகள் மட்டும் பழையனவே.) அம்முகிற்காடுகளிலே, பாசி படர்ந்த மரங்களில், வாலாற் கிளையைப் பற்றி மெல்ல ஊர்ந்து திரியும் சிற்றோணான் ஒன்று வாழ்கின்றது. கொபோட்டிசு தும்பறை என்னும் பெயரால் 2006ஆம் ஆண்டிலேயே அது தனியினமாக விவரிக்கப்பட்டது. உலகில் வேறெங்கும் அது இல்லை. அதன் நெருங்கிய உறவினமான கொபோட்டிசு சிலோனிக்கா, நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பகுதிகளில் வாழ்வது.

நம் வீட்டு வேலியில் தலையசைக்கும் ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுச் சென்றுவிடும். வெயிலில் வெதும்பிய மண்ணே செவிலியாகிக் கருவை வளர்க்கும். முகில் மூடிய மலையிலோ மண் ஈரமும் குளிரும் உடையது. அங்கே புதைத்த முட்டையில் கரு வளர்ச்சி தாமதமாகும்; கெடவும் கூடும். கொபோட்டிசு ஓணான்களோ முட்டைகளை வயிற்றிலேயே வைத்திருந்து குட்டிகளாக ஈனுகின்றன. புதைத்த முட்டைக்கு நகரும் ஆற்றல் இல்லை, தாய்க்கு உண்டு. வெயில் விழும் கிளையைத் தேடித் தாய் செல்லுங்கால் கருவும் உடன் வெயில் காய்கின்றது. இதற்குத் தாய் கொடுக்கும் விலையும் சிறிதன்று: நெடுநாள் சுமையோடு திரியவேண்டும், பகைவிலங்கு கண்டால் விரைந்து ஓடவும் இயலாது.

இனி வடக்கே நோக்குவோம். ஐரோப்பாவில் ஆட்டிக் வட்டத்துக்கு அப்பாலும் வாழும் ஊர்வன மிகச் சில. அவற்றுள் சூட்டோக்கா விவிப்பாரா என்னும் பல்லியும் அடர் என்னும் விரியனும் குறிப்பிடத்தக்கவை. இரண்டும் அங்கே குட்டியீனுவனவே. அப்பல்லியினம் தெற்கே, பிரான்சும் ஸ்பெயினும் சந்திக்கும் பிறனீசு மலைப்பக்கத்தில் இன்றும் முட்டையிடுகின்றது. ஒரே இனம் ஓரிடத்தில் முட்டையும் வேறோரிடத்தில் குட்டியும் ஈனுவதனால், குளிரே இம்மாற்றத்துக்குத் தூண்டுகோல் என்று கருதும் அறிஞருக்கு இப்பல்லி நல்ல சான்றாயிற்று. ஆட்டிக் குளிரோடு ஒப்பிடின் தும்பறைக் குளிர் குளிரே அன்று. எனினும் முட்டைக்கு நேரும் இடர் ஒரே தன்மையது. இருவேறு குலத்து ஊர்வன அதற்குக் கண்ட வழியும் ஒன்றே.

தும்பறை ஓணான் இன்று முற்றாக அற்றுப்போகும் பேரிடர்நிலையிலுள்ள இனங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. ஏலப்பயிருக்காகக் காட்டின் கீழ்மட்டச் செடிகொடிகள் பல இடங்களில் அகற்றப்பட்டமை அதன் உறைவிடத்தைக் குறைத்தது. 2010இல் இம்மலைக்காடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆயின் சுவாத்தியம் வெப்பமுறுவதைப் பட்டியல் தடுப்பதில்லை. குளிரை நாடும் உயிர்கள் அப்போது மேல்நோக்கியே நகரவேண்டும். இத்தொடரின் மிகவுயர்ந்த சிகரமாகிய கோம்பானியாவின் உயரமோ 1,906 மீற்றர் மட்டுமே.