பழைய சர்வரில் ஃபயர்வால்: நிறுவல் எங்கே நிற்கிறது?

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தக்கூடிய திறமூல ஃபயர்வால் மென்பொருள்கள். அலுவலகக் கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிப்பவை. மானுவேல் காஸ்பர் 2003இல் வெளியிட்ட மோனோவால்தான் இரண்டுக்கும் மூலம். அதிலிருந்து 2004இல் பிஎஃப்சென்ஸ் பிரிந்தது. பிஎஃப்சென்ஸிலிருந்து பிரித்து, 2015இல் நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் ஓபிஎன்சென்ஸை வெளியிட்டது. இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின்மேல் ஓடுகின்றன. ஆகவே ஒரு வன்பொருளுக்கு ஃப்ரீபிஎஸ்டியில் டிரைவர் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

பெங்களூரு அருகே ஆனேக்கல் தாலுகாவில் பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே உள்ள ஒரு சிறு பட்டறைக்கு, ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கேட்கும் ஃபயர்வால் பெட்டியைவிட, பெங்களூரு எஸ்.பி. சாலையில் பழைய ரேக் சர்வர் ஒன்றைத் தேடி வாங்கி, இந்த மென்பொருளை ஏற்றுவது கட்டுப்படியாகலாம். டெல் ஆர்610 இதற்கு நல்ல உதாரணம்: ரேக்கில் 1.75 அங்குல உயர இடம் போதும், பின்புறம் நான்கு பிராட்காம் நெட்வொர்க் போர்ட்டுகள். விசிறிச் சத்தமும் மின்செலவும் அதிகம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிறுவல் பாதியில் நின்றால் உடனே வேறு மென்பொருளுக்குத் தாவுவது வீண்வேலை. திரையில் கடைசியாக என்ன வரி நிற்கிறது என்று பார்த்தால், பழுது எந்தக் கட்டத்தில் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சர்வர் பென்டிரைவையே கண்டுகொள்ளவில்லை என்றால், கோளாறு பென்டிரைவில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். இறக்கிய கோப்பு சுருக்கப்பட்ட வடிவில் வரும். அதை விரிக்காமல் அப்படியே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் இங்கேயே முடிய வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும், பூட் தொடங்கிய சில நொடிகளில் திரை உறைந்துபோனால், சீரியல் கன்சோலுக்கான கோப்பை இறக்கியிருக்கக்கூடும். சர்வர் நின்றிருக்காது, எழுத்துகள் மானிட்டருக்குப் பதில் சீரியல் போர்ட் வழியே 115200 வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். மானிட்டருக்கான விஜிஏ கோப்பை எடுத்தால் தீர்ந்தது.

அடுத்தது பலரைத் திணறடிக்கும் இடம். எழுத்துகள் ஓடி, ‘மவுன்ட்ரூட்’ என்ற சொல்லோடும் பிழை எண் 19 உடனும் நின்றுவிடும். பென்டிரைவ் தயாராவதற்கு முன்பே கெர்னல் அதைத் தேடிப் பார்த்துவிட்டது என்பதே பெரும்பாலும் இதன் பொருள். பூட் லோடரில் காத்திருப்பு நேரத்தை 10,000 மில்லிநொடி, அதாவது 10 நொடி என்று கொடுத்தால் பல சர்வர்கள் தாண்டிவிடும். வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகிப் பார்ப்பதும் பலன் தரும்.

நிறுவி வந்துவிட்டது, ஆனால் ஹார்ட் டிஸ்க் எதுவும் பட்டியலில் இல்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் ரெய்டு கார்டு. டெல்லின் பழைய பெர்க் கார்டுகள் டிஸ்க்கை நேராகக் காட்டுவதில்லை. தொடக்கத்தில் கன்ட்ரோல்-ஆர் அழுத்தி உள்ளே போய், ஒரு விர்ச்சுவல் டிஸ்க் உருவாக்கினால்தான் மென்பொருளுக்குத் தெரியும். டிஸ்க் தெரிந்ததும் தேர்ந்தெடுக்க வேண்டிய கோப்பு முறைமையில் இசட்எஃப்எஸ், யூஎஃப்எஸ் என்று இரண்டு வழிகள் உண்டு. மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் இசட்எஃப்எஸ்தான் நல்லது; திடீரென நின்று எழுந்தாலும் கோப்புகள் சிதைவது குறைவு. பிஎஃப்சென்ஸ் 2022இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து அதையே இயல்புத் தேர்வாக்கியது.

நிறுவி முடித்த பிறகு இணையம் வராவிட்டால் போர்ட்டுகளைப் பார்க்க வேண்டும். பிராட்காம் போர்ட்டுகள் பிசிஇ0, பிசிஇ1 என்றும், இன்டெல் கார்டுகள் ஐஜிபி0 என்றும் பெயர் பெறும். பெட்டியில் அச்சிட்ட எண்ணும் இந்தப் பெயரும் ஒத்துப்போகும் என்று நம்பக்கூடாது. எல்லாக் கேபிள்களையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகி, எந்தப் பெயரில் இணைப்பு எழுகிறது என்று கன்சோலிலேயே கண்டுபிடிப்பது உறுதியான வழி.

இன்னொரு மோதல் முகவரியில். ஃபயர்வாலின் உள்பக்க முகவரி இயல்பாகவே 192.168.1.1. இணையச் சேவையாளர் கொடுத்த மோடமும் பலசமயம் அதே முகவரியில் இருக்கும். இருபுறமும் ஒரே எண்வரிசை இருந்தால் பாக்கெட்டுகள் போக வழியில்லை. உள்பக்கத்தை 192.168.50.1 என்பதுபோல் மாற்றினால் போதும்.

லாக் பதிவுகளுக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்க மறக்கக்கூடாது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும், சைபர் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சிறு நிறுவனங்களுக்கு அது 2022 செப்டம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் முதல் வேலை இயல்புக் கடவுச்சொல்லை மாற்றுவது. இரண்டாவது, அமைப்புகள் அனைத்தும் அடங்கிய ஒரே எக்ஸ்எம்எல் கோப்பைப் பிரதி எடுத்து வேறொரு கணினியில் வைப்பது. சர்வர் பழுதானாலும் இன்னொரு சர்வரில் அதை ஏற்றிக்கொள்ளலாம். போர்ட்டுகளின் பெயர் மாறியிருந்தால் அவற்றை மட்டும் மறுபடி ஒதுக்க வேண்டியிருக்கும்.